மூலிகைச் செடி தேறவில்லையா? கோலாலம்பூர் மண்ணில் குறை கண்டுபிடிக்கும் வழி

கால்வாய் ஓரச் சிமெண்டு வெடிப்பில் கீழாநெல்லி யாரும் விதைக்காமல் முளைத்து நிற்கிறது. அதையே வேரோடு பிடுங்கி வந்து, கடையில் வாங்கிய கருப்பு மண்ணில் நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் பத்தே நாளில் போய்விடுகிறது. கெப்போங், செந்தூல், ஜிஞ்சாங் பக்கம் எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். பதினான்கு வருடமாக எங்கள் தாமானிலும் (குடியிருப்பிலும்) பக்கத்துக் கோயிலின் மூலிகைப் பாத்தியிலும் செடி தேறவில்லை என்று யார் கூப்பிட்டாலும் போய்ப் பார்ப்பது என் வழக்கம். பூச்சி என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் குறை மண்ணில் இருக்கும்.

உங்கள் வீட்டு மண் எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் மூன்று வகை அடிக்கடி வரும். வீடு கட்டும்போது லோரியில் கொண்டுவந்து கொட்டி, புல்டோசர் ஏற்றி அமுக்கிய செம்மண் ஒன்று. அம்பாங், சுங்கை பீசி, பூச்சோங் பக்கம் பழைய ஈயச் சுரங்கம் விட்டுப்போன வெள்ளை மணல் இன்னொன்று. பத்துமலைப் பக்கம் சுண்ணாம்புப் பாறையை ஒட்டிய மண் மூன்றாவது. பழைய அக்கம்பக்கத்தாரைக் கேட்டாலே, முன்பு இங்கே என்ன இருந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் இந்த மூன்றையும் செய்யுங்கள்

செடிக்கு ஒரு முழம் தள்ளி, முப்பது செண்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி மணியைப் பாருங்கள். இரண்டாம் தடவை ஊற்றியது ஒரு மணி நேரம் கழித்தும் பாதிக்கு மேல் நின்றால் வடிகால் சரியில்லை. ஐந்து நிமிடத்தில் காணாமல் போனால் மண் வெறும் மணல்.

அடுத்தது போத்தல். ஒரு லிட்டர் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் இரண்டு மணி நேரத்தில், களி ஒன்றிரண்டு நாளில். மூன்றாம் நாளும் தண்ணீர் தேத்தண்ணி மாதிரி சிவந்து கிடந்தால் களி அதிகம்.

மூன்றாவது, புளிப்பு. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் வைத்து, பிஎச் தாள் நனைத்துப் பாருங்கள். ஏழு நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். மண்ணில் குத்திப் பார்க்கும் இரண்டு கம்பி மீட்டரை நான் நம்புவதில்லை. ஒரே பாத்தியில் மூன்று இடத்தில் குத்தினால் மூன்று கதை சொல்கிறது.

குறை: இலை மஞ்சளாகிறது

மஞ்சள் என்றதும் உரம் போடாதீர்கள். எந்த இலை மஞ்சள், நரம்பு என்ன நிறம் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

*கீழ் இலைகள், நரம்போடு சேர்த்து முழு மஞ்சள்*

தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. மாலை தவறாமல் கொட்டும் மழை தழைச்சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். மணல் மண்ணில் இது சீக்கிரம் நடக்கும். மட்கிய ஆட்டுப் புழுக்கை செடிக்கு ஒரு கைப்பிடி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். மொத்தமாகக் கொட்டினால் அடுத்த மழையில் பாதி போய்விடும். ஒரு மாதத்தில் புதுத் தளிர் பச்சையாக வரவேண்டும். ஏற்கெனவே மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

*கீழ் இலைகள், நரம்பு மட்டும் பச்சை*

மெக்னீசியம் குறைவு. செம்மண் போட்ட வீடுகளில் ஆடாதோடையிலும் நொச்சியிலும் இதை நிறையப் பார்க்கிறேன். அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு கரைத்து இலையில் தெளியுங்கள். நிலையான வழி மெக்னீசியமும் கலந்த டோலமைட் சுண்ணாம்பு. அளவைக் கீழே, வளராத செடிக்கான பகுதியில் சொல்கிறேன்.

*மேல் தளிர்கள் மஞ்சள், நரம்பு பச்சை*

இரும்புச் சத்து வேருக்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாமல் இருக்கும். முதல் காரணம் தேங்கிய தண்ணீர். குழி வைத்துப் பார்த்தாலே தெரியும், காசும் செலவில்லை. அது சரியாக இருந்தால், செடி சுவரை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வீடு கட்டியவர்கள் சுவரடியில் சிமெண்டுக் கழிவைப் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். காய்ந்த மண்ணை ஒரு தட்டில் எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது.

செந்தூலில் ஓர் அக்கா வீட்டில் கறிவேப்பிலை இரண்டு வருடமாக முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை, தளிரெல்லாம் வெளுத்த எலுமிச்சை நிறம். "எல்லா உரமும் போட்டுட்டேன் தம்பி, இனிமே பால்தான் ஊத்தணும்" என்றார். ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டினேன். கட்டை விரல் தடிமனில் காய்ந்த சிமெண்டுப் பாளம், அதன் மேல் வேர் மடங்கி வட்டமாகச் சுற்றிக் கிடந்தது. செடியைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நட்டோம். நான்கு மாதத்தில் இடுப்பு உயரம் வந்துவிட்டது.

தள்ளி நட இடமில்லாவிட்டால் பாளத்தை உடைத்து எடுத்து, அந்தக் குழிக்கு மட்டும் வேறு மண் போடுங்கள். பத்துமலைப் பக்கம் மண் முழுக்கவே நுரைத்தால் காரத்தைக் குறைக்கக் கந்தகத் தூள் வாங்கிப் போராடவேண்டாம். சுண்ணாம்பு தீரவே தீராது. தொட்டியில் வளர்ப்பதுதான் கடைசியில் மலிவு.

குறை: மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது

இது வந்தால் உடனே தண்ணீரை நிறுத்துங்கள். வாடியதைக் கண்டு இன்னும் ஊற்றித்தான் நிறையப் பேர் செடியைக் கொல்கிறார்கள்.

*மண்ணில் அழுகிய முட்டை நாற்றம்*

காற்றுப் போகவில்லை. தொட்டியாக இருந்தால் அடித்துளை அடைத்திருக்கும், அல்லது தட்டில் தண்ணீர் நிற்கும். கம்பியால் குத்திவிட்டு, தட்டை எடுத்துவிடுங்கள். தரையாக இருந்தால் ஒரு நீள ஸ்குரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள். ஒரு சாண் போவதற்குள் கல் மாதிரி நின்றால், அதுதான் புல்டோசர் அமுக்கிய அடுக்கு. மண்வெட்டியால் இரண்டு சாண் ஆழத்துக்குக் கிளறி, மட்கு கலந்து, பாத்தியை இருபது செண்டிமீட்டர் உயர்த்தினால் துளசி, நிலவேம்பு, தூதுவளை மூன்றும் பிழைக்கும். களிமண்ணில் மணல் கொட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கொஞ்சம் மணல் சேர்ந்த களி காய்ந்ததும் செங்கல்லாகிவிடும்.

வல்லாரைக்கும் கரிசலாங்கண்ணிக்கும் ஈரம் பிடிக்கும், தேங்கிய இடத்திலும் நிற்கும். அப்படிப்பட்ட மூலை இருந்தால் மண்ணோடு சண்டை போடாமல் அந்த இரண்டையும் அங்கே நட்டுவிடுங்கள்.

*வேரில் முடிச்சு*

செடியைப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் வீக்கம் வேரோடு ஒன்றாகச் சேர்ந்திருந்தால் நூற்புழு. நகத்தால் சுரண்டினால் வராது. தொட்டாற்சுருங்கி வேரிலும் உருண்டை இருக்கும், ஆனால் அது சுரண்டினால் தனியாக வந்துவிடும். அது நல்லது, விட்டுவிடுங்கள். நூற்புழு வந்த செடியைக் குப்பையில் போடுங்கள், மட்குக் குழியில் வேண்டாம். அந்த இடத்தில் மூன்று மாதம் செண்டுப்பூவை நெருக்கமாக நடுங்கள். பூ கோயிலுக்கு ஆகும். பிளாஸ்டிக் மூடி வெயிலில் வேகவைப்பது இங்கே எனக்குச் சரிவரவில்லை, வானம் பாதி நாள் மூடிக்கிடக்கிறது.

*வேர் வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் வாட்டம்*

தூதுவளை, மணத்தக்காளி போன்ற கத்தரிக் குடும்பத்துச் செடியா? தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் நீரில் படும்படி ஒரு கண்ணாடித் தம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று மெல்ல இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியையும் சுற்றியுள்ள மண்ணையும் அகற்றுங்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், தூதுவளை எதையும் வருடக்கணக்கில் நடாதீர்கள். கிருமி மண்ணிலேயே இருக்கும்.

*மழையில்லாத வாரத்திலும் ஒரே இடம் சொதசொதப்பு*

தரையடியில் குழாய் கசியலாம். இரவு எல்லாத் தண்ணீரையும் மூடி, மீட்டரின் எண்ணைக் குறித்துவைத்து, காலையில் பாருங்கள். ஓடியிருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஓடாமல், மண்ணில் கழிவறை நாற்றம் இருந்தால் கழிவுநீர்க் குழாய். அதற்கும் ஆள் வரவேண்டும், அதுவரை அந்த இடத்து இலையை வாயில் வைக்கவே கூடாது.

குறை: செத்தும் போகவில்லை, வளரவும் இல்லை

இதுதான் செம்மண் வீடுகளின் நிரந்தரப் புகார். நட்டு ஆறு மாதம் ஆகியும் நட்ட அளவிலேயே குந்தியிருக்கும். இலை சிறுத்து, கரும்பச்சையாகி, சில செடியில் அடிப்பக்கம் ஊதா ஓடும். வேரைப் பார்த்தால் நுனி கட்டையாகத் தடித்துப் பழுப்பாகி, கிளைவேர் இல்லாமல் இருக்கும்.

நிழலா என்று முதலில் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் துளசி வளராததற்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது. வெயில் இருந்தால் பிஎச் தாளை எடுங்கள். மழை அடித்து அடித்து இங்குள்ள செம்மண் நன்றாகப் புளித்துப்போயிருக்கும், தாளில் 4.5 என்று வருவது சாதாரணம். அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைச் சுடும், மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) மண்ணோடு ஒட்டிக்கொண்டு செடிக்குக் கிடைக்காது. அதனால்தான் எத்தனை உரம் போட்டாலும் அசையாது.

ஐந்துக்குக் கீழே இருந்தால் சதுர மீட்டருக்கு இருநூறு கிராம் டோலமைட் சுண்ணாம்பு. செம்பனைத் தோட்டத்துக்குப் போடும் அதே தூள்தான், நர்சரியில் சின்னப் பையிலும் கிடைக்கிறது. மேலே தூவி விட்டுவிடாமல் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிக் கலந்து, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருந்து மறுபடி பிஎச் பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் இன்னொரு தடவை. ஒரே நாளில் சுண்ணாம்பும் கோழி எருவும் போடாதீர்கள், எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும், மூக்கே சொல்லும். ஆறு, ஆறரை வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் மேலே சொன்ன தளிர் மஞ்சளில் போய் நிற்பீர்கள்.

சுண்ணாம்பு இரண்டு தடவை போட்டும் அசையவில்லை என்றால் வேளாண்மைத் துறையில் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதற்கு மேல் ஊகத்தில் உரம் வாங்குவது வீண் செலவு.

குறை: காலையில் நிமிர்ந்து நிற்கிறது, மத்தியானம் தொங்குகிறது

போத்தலில் முக்கால் பங்கு மணல் உட்கார்ந்ததா? சுரங்க மணல். தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. தினமும் ஐந்து செண்டிமீட்டர் தண்ணீர் ஊற்றுவதைவிட, ஐந்து செண்டிமீட்டர் மட்கு போட்டு, மேலே காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள். இந்த வெக்கையில் மட்கு சீக்கிரம் கரைந்துவிடும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடவேண்டும். மனம் தளர்ந்தால் ஒரு நாள் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குள் நடந்துவிட்டு வாருங்கள். 1920களில் அந்த நிலம் ஈயச் சுரங்கம் சுரண்டிப்போட்ட தரிசு. மரம் நட்டு நட்டு, உதிர்ந்த இலையே மண்ணாகி, இன்று அடர்ந்த காடாக நிற்கிறது.

பிரண்டையும் சோற்றுக்கற்றாழையும் வெறும் மணலிலேயே சந்தோஷமாக இருக்கும்.

குறை: இலை ஓரம் கருகுகிறது

அதிக உரம், அல்லது மட்காத கோழி எரு. தொட்டி மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். இரண்டு மாதம் உரம் கிடையாது.

குறை: செழிப்பாக இருக்கிறது, மணமும் கசப்பும் இல்லை

இதை யாரும் குறையாகச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. மருந்துக்காக வளர்க்கும் செடியில் மருந்து இல்லாவிட்டால் அது கீரைதான். உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்ட கற்பூரவல்லியைக் கசக்கினால் பச்சைத் தண்ணீர் வாசம் வருகிறது. நிலவேம்பு ஓர் இலை மென்றால் நாக்கு சுருங்கவேண்டும், அது மெல்லக்கூடியதாக இருக்கிறது.

காரணம் அளவுக்கு மீறிய கவனிப்பு: தினம் தண்ணீர், மாதம் தவறாமல் கோழி எரு, கூரை நிழல். காட்டுச் செடிகள் கொஞ்சம் பட்டினியிலும் நல்ல வெயிலிலும் வளர்ந்து பழகியவை. எருவை நிறுத்துங்கள். மேல் மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். வெயிலுக்கு மாற்றுங்கள். கொழுத்த இலையை வெட்டிவிட்டு, அடுத்து வரும் தளிரைக் கசக்கிப் பாருங்கள். என் நிலவேம்பு இரண்டாவது வெட்டில் பழைய கசப்புக்கு வந்தது.

குறை: எடுத்து நட்டால் சாகிறது, வேண்டாத இடத்தில் தானாக முளைக்கிறது

கீழாநெல்லி, குப்பைமேனி, தும்பை மூன்றுக்கும் இதே பாடு. பிடுங்கும்போது வேர் அறுந்துவிடுகிறது, அப்புறம் கொழுத்த கருப்பு மண்ணில் அழுகிவிடுகிறது. செடியை எடுக்காமல் விதையை எடுங்கள். கீழாநெல்லி இலைக்காம்பின் அடிப்பக்கம் வரிசையாகத் தொங்கும் காய் முற்றியதும் கொப்போடு ஒரு காகிதப் பையில் போட்டு வைத்தால், காய்ந்து வெடித்து விதை பையிலேயே விழும். கல் கலந்த, எரு போடாத ஓரத்தில் தூவுங்கள், மண் மூடவேண்டாம்.

குறை எதுவும் தெரியவில்லை, ஆனால் மண்ணின் மேல் சந்தேகம்

கண்ணுக்குத் தெரியாத ஒரே குறை இது: மண்ணில் கலந்த நச்சு உலோகம். வீட்டில் நீங்களாகச் சோதிக்கவும் முடியாது.

1857இல் எண்பத்தேழு சீனத் தொழிலாளர்கள் அம்பாங்கில் ஈயம் தேடி வந்ததில் தொடங்கியது இந்த ஊர். நாம் இங்கே ஈயம் என்று சொல்வது வெள்ளீயம். என் கவலை அதுவல்ல, காரீயம், காட்மியம், ஆர்சனிக். பழைய சுரங்க மண்ணில் ஆர்சனிக் இருக்கலாம். பெரிய சாலை ஓரத்திலும், பழைய கார் பட்டறையும் பேட்டரிக் கடையும் இருந்த இடத்திலும் காரீயம் இருக்கலாம். செடி பச்சைப்பசேல் என்றே இருக்கும். வல்லாரை இந்த உலோகங்களை வேரிலும் இலையிலும் சேர்த்துவைத்துக்கொள்ளக்கூடியது. அதைத்தான் நாம் பச்சையாக அரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். இலையைக் கழுவினால் மேலே ஒட்டிய தூசி போகும், உள்ளே ஏறியது போகாது.

இதற்கு எடுத்த எடுப்பிலேயே ஆய்வுக்கூடம்தான். பாத்தியில் ஐந்தாறு இடத்தில், பதினைந்து செண்டிமீட்டர் ஆழம் வரை, துருப்பிடிக்காத கரண்டியால் மண் எடுத்து ஒன்றாகக் கலந்து, அரை கிலோ சுத்தமான பையில் கொண்டுபோங்கள். உலோகச் சோதனை வேண்டும் என்று வாயைத் திறந்து கேளுங்கள். வழக்கமான மண் பரிசோதனை பிஎச்சையும் உரச்சத்தையும் மட்டும்தான் சொல்லும். தனியார் கூடமாக இருந்தால் சாம் (மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் இருக்கிறதா, அது உலோகச் சோதனைக்கும் பொருந்துமா என்று பாருங்கள். முடிந்தால் அதே செடியின் இலையையும் கொடுங்கள்.

முடிவு மோசமாக வந்தால், சுண்ணாம்பு போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். காரீயமும் காட்மியமும் செடிக்குள் ஏறுவது அதனால் குறையும், ஆர்சனிக்குக்கு அது உதவாது. சாப்பிடும் செடிக்கு நான் அந்த வழியைச் சொல்லமாட்டேன். தரையை மறந்துவிட்டு, முப்பது நாற்பது செண்டிமீட்டர் உயரப் பெட்டிப் பாத்தி கட்டி, அடியில் துணி விரித்து, எங்கிருந்து வந்தது என்று தெரிந்த மண்ணைப் போடுங்கள்.

பூச்சோங்கில் ஒரு பெரியம்மா அப்படித்தான் செய்தார். பேரன் பிறந்த வருடம் பின்வாசல் முழுக்க வல்லாரை பரப்பியிருந்தார், பார்க்கவே அழகு. சோதனைத் தாள் வந்த அன்று ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் பிடுங்கி, இரண்டு குப்பைப் பையில் கட்டி வாசலில் வைத்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, அந்தப் பெட்டிக்கு எத்தனை பலகை வேணும்?" நான்கு பலகை, ஒன்றரை மீட்டர் நீளம். இப்போது அதில் வல்லாரை இரண்டாவது வெட்டுக்கு வந்திருக்கிறது.